நிற்க முடியாத மாப்பிள்ளை

மலைப்பாதையின் இரண்டாவது வளைவிலேயே செயின் கழன்றுகொண்டது.

மாப்பிள்ளை சைக்கிளை விட்டு இறங்கிக் குனிந்து பார்த்தான். பின்னால் வந்த மாமனாரும், மச்சானும், மனைவியும் ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள்.

"அடடா, செயினா! அப்போ அவ்வளவுதான் மாப்பிள்ளை, திரும்பிடலாம்" என்றார் மாமனார். சொல்லி முடிப்பதற்குள் தன் சைக்கிளை இறக்கத்தின் பக்கம் திருப்பியும் விட்டார்.

"வேண்டாம் மாமா. ஒரு நிமிஷத்துல மாட்டிடறேன்."

"இதுல வெட்கப்பட ஒண்ணுமே இல்ல. முதல் தடவை யாருக்கும் இப்படித்தான். ஏம்மா, நீ சொல்லேன் உன் வீட்டுக்காரருக்கு."

"திரும்பிடலாங்க" என்றாள் மனைவி. கல்யாணமான இந்த மூன்று மாதத்தில் அவள் இவ்வளவு கெஞ்சலாகப் பேசி அவன் கேட்டதில்லை.

மாப்பிள்ளைக்குச் சுருக்கென்றது. தன்னால் முடியாது என்று இவளே முடிவு கட்டிவிட்டாளா?

மாமனாருக்குப் பெயின்ட் கடை. ஆனால் பெயின்ட் கடைக்காரர் என்று சொன்னால் ஊரில் யாருக்கும் தெரியாது. சைக்கிள் குடும்பம் என்றால்தான் தெரியும். வருஷம் ஒரு தடவை அவரும் பிள்ளைகளும் தலைக்கவசமும் பளபளச் சட்டையுமாக மலையிலிருந்து வரிசையாக இறங்கி வருவதைக் கடைத்தெருவே நின்று வேடிக்கை பார்க்கும். மூத்த மாப்பிள்ளை, அதாவது இவனுடைய சகலை, கல்யாணமான புதிதில் இதேபோல இவர்களோடு இந்த மலை ஏறி, பாதியில் நின்றுபோனவர். அன்றிலிருந்து அந்த வீட்டில் அவர் பெயர் 'பாதி மாப்பிள்ளை'. அவர் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தால்கூட, "பாதியில விட்டுடாதீங்க" என்று அடுக்களையிலிருந்து ஒரு குரல் வரும்.

இரண்டாவது வளைவோடு திரும்பினால் தனக்கு என்ன பெயர் வைப்பார்கள்? கால்கூடக் கிடைக்காது. அரைக்கால் மாப்பிள்ளை.

அவன் நூலகத்தில் வேலை பார்ப்பவன். அதுவரை ஏறியதில் பெரிய உயரம், மேல் அலமாரிக்குச் சாத்தும் ஏணிதான். இருந்தாலும் கையெல்லாம் கரியாக்கிக்கொண்டு செயினை மாட்டிவிட்டான். முகத்தைத் துடைத்ததில் மீசை காது வரை நீண்டது.

மாட்டிய செயின் கடைசிக் கியரில் போய் இறுகிக்கொண்டது. அசைத்தால் அசையவில்லை. ஒவ்வொரு மிதிக்கும் உடம்பு முழுவதையும் தூக்கிப் பெடல்மேல் வைக்க வேண்டியிருந்தது. மெதுவாகப் போனால் சைக்கிள் சாய்ந்தது. அதனால் வேறு வழியில்லாமல் வேகமாகப் போனான்.

"அப்பா, இவர் பறக்கறாருப்பா!" என்ற மச்சானின் குரல் பின்னால் கேட்டது. கிண்டல் செய்கிறார் என்று மாப்பிள்ளை நினைத்துக்கொண்டான்.

மச்சான் முட்டி மோதிப் பக்கத்தில் வந்தார். நல்ல உயரம். முகம் தக்காளியாகச் சிவந்திருந்தது. "மச்சான்... உங்க வண்டி மக்கர் பண்ணுது. ஒண்ணு, என் வண்டியில ஏறுங்க. இல்ல... திரும்பிடலாம். நீங்களே சொல்லுங்க."

"வண்டியைக் கொடுங்க மச்சான்."

மச்சான் ஒரு கணம் அவனையே பார்த்தார். பிறகு வண்டியைக் கொடுத்து, பிடித்து ஏற்றி, ஒரு தள்ளு தள்ளியும் விட்டார். நல்ல மனுஷன்.

பத்தடி போன பிறகுதான் மாப்பிள்ளை கீழே பார்த்தான். தரை வெகு தூரத்தில் இருந்தது. மச்சானுடைய உயரத்துக்கு வைத்த சீட். பெடலுக்கே விரல் நுனிதான் எட்டியது. நின்றால் விழுவான். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். விழாமல் இருக்க ஒரே வழி, ஏறிக்கொண்டே இருப்பது.

இதை வெளியில் சொல்ல முடியுமா?

"மாப்பிள்ளை! கொஞ்சம் நின்னு இந்தப் பள்ளத்தாக்கைப் பாருங்க! எவ்வளவு அழகு!"

"போய்க்கிட்டே பார்க்கறேன் மாமா!"

"தண்ணியாவது குடிங்க!"

"தாகமே இல்ல மாமா!" நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. "இன்னும் எத்தனை வளைவு இருக்கு?"

"அது... வரும், வரும்" என்றார் மாமனார்.

வருஷா வருஷம் வருகிறவருக்கு எண்ணத்தான் தோன்றுமா? அந்த அலட்சியத்தை நினைத்து மாப்பிள்ளைக்கு மரியாதை கூடியது.

இன்னும் இரண்டு வளைவு தாண்டியதும் மாமனார் மறுபடி கத்தினார். "மாப்பிள்ளை! கடையைப் பூட்டினேனான்னு சந்தேகமா இருக்கு! போய்ப் பார்க்கணும்!"

"இன்னிக்கு ஞாயிற்றுக்கிழமை மாமா! கடையே திறக்கலையே!"

"நேத்து பூட்டினேனான்னு சொல்றேன்!"

"நான்தானே மாமா கூட இருந்து பூட்டினேன்!"

சோதிக்கிறார்கள். இவன் எந்தச் சாக்கில் நிற்பான் என்று பார்க்கிறார்கள். மாப்பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தான்.

"என்னங்க! எனக்காகவாவது நில்லுங்க!"

மனைவியின் குரல் உடைந்திருந்தது. அவனுக்கு நெஞ்சு இளகிவிட்டது. "எனக்கு ஒண்ணும் ஆகாது! நீ பயப்படாதே!"

"உங்களுக்காக யாரு பயந்தா!"

எவ்வளவு நம்பிக்கை! அதுவரை எங்கே ஒளிந்திருந்ததோ, காலில் புதிதாக ஒரு பலம் வந்தது.

கொண்டை ஊசி போல வளைந்த ஒரு திருப்பத்தில் அவனுக்குக் கீழ்ச்சாலை தெரிந்தது. மூன்று பேரும் இறங்கி, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மச்சான் அந்த இறுகிப்போன வண்டியை ஏதோ மாட்டை இழுப்பதுபோல இழுத்து வந்தார். நினைத்தால் ஒரே மூச்சில் அவனைத் தாண்டிப் போகக்கூடியவர்கள்! புது மாப்பிள்ளை மனம் நோகக்கூடாது என்று நடந்து வருகிறார்கள். இப்படி ஒரு குடும்பம் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. துடைக்கக் கையை எடுத்தால் விழுந்துவிடுவான் என்பதால் அப்படியே விட்டான்.

உச்சியில் சமதரை வந்தது. ஒரு விளக்குக் கம்பமும், பலகை ஜன்னல் வைத்த ஒரு சின்னப் பெட்டிக்கடையும் இருந்தன. மாப்பிள்ளை நேராகப் போய்க் கம்பத்தைக் கட்டிக்கொண்டான். பல வருஷம் பிரிந்திருந்த உறவினரைப் போல அதை விடவே மனசு வரவில்லை. பிறகு மெல்ல வழுக்கிக்கொண்டு வந்து புல்லில் உட்கார்ந்தான்.

அவன் மூச்சு சீராகி, மறுபடி பேச்சு வந்த பிறகுதான் மற்ற மூவரும் வந்து சேர்ந்தார்கள். மாமனாரின் தலைக்கவசம் பிடரியில் தொங்கியது. மச்சான் வந்த வேகத்தில் மல்லாந்து படுத்துவிட்டார். மனைவி அவன் பக்கத்தில் பொத்தென்று விழுந்து, அவன் தோளில் தலையைச் சாய்த்து, "பாவி மனுஷா" என்றாள். அது கொஞ்சல் மாதிரியும் இருந்தது, கொலை மிரட்டல் மாதிரியும் இருந்தது.

மாப்பிள்ளை கையைக் கூப்பினான்.

"மன்னிச்சுக்கோங்க மாமா. என் ஒருத்தனுக்காக எல்லாரும் இறங்கி நடந்து வந்தீங்க. நான் இல்லன்னா எப்பவும்போல அரை மணியில ஏறியிருப்பீங்க."

மாமனார் வானத்தைப் பார்த்தார். மச்சான் படுத்தபடியே ஷூ கயிற்றை வெகு அக்கறையாக அவிழ்க்க ஆரம்பித்தார்.

பெட்டிக்கடை ஜன்னல் திறந்தது. கடைக்கார அம்மா நாலு தண்ணீர் பாட்டிலை வைத்துவிட்டு, தலையை நீட்டி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"என்னங்க இது கோலம்? வருஷா வருஷம் சைக்கிளையெல்லாம் லாரியில ஏத்திட்டு வந்து, இங்கேருந்து ஜம்முனு இறங்கிப் போவீங்களே... இந்தத் தடவை லாரி கிடைக்கலையா?"