மணி அடிக்காத முறைப்பாடு

அநியாயம் செய்யப்பட்டவர் என் அண்ணி லெட்சுமி. இருப்பிடம் ஹாலிஎலைக்கு மேலே கறுப்புப்பாலத் தேயிலைத் தோட்டம், ஆறாம் லயத்து வரிசை வீடு. செய்யப்பட்ட அநியாயம்: ஒரு பிள்ளையை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துப் பெற்றுக்கொள்ள வேண்டுமென்று அவர் ஆசைப்பட்டார். மாகாணமும் விஞ்ஞானமும் கூடி அந்த ஆசையை ஆராய்ந்தன.

பேராசை என்று யாரும் சொல்ல முடியாது. முதல் பிள்ளை சுரேஸ், பதுளைக்குப் போகிற வழியில், கொழுந்து லொறியில், சாக்குகளுக்கு நடுவில் பிறந்தவன். இன்றைக்கும் அவனுக்கு லொறி சுரேஸ் என்றுதான் பெயர். பள்ளிக்கூடத்து டீச்சரே அப்படித்தான் கூப்பிடுகிறார்.

"அடுத்ததாவது கட்டில்ல பொறக்கணும் துஷா. வண்டி பேரு இல்லாம மனுசப் பேரோட வளரணும்" என்பார் அண்ணி.

2008ஆம் வருடக் கடைசியில் வெளிநாட்டு உதவியில் எங்கள் தோட்டத்துக்கு ஓர் அம்புலன்ஸ் வந்தபோது அண்ணிக்கு ஆறாம் மாதம். மாலை போட்டார்கள், தேங்காய் உடைத்தார்கள், எலுமிச்சம்பழம் நசுக்கினார்கள். உள்ளே கணினி வைத்த வாகனம். அதன் கட்டில் விலை உயர்ந்தது என்பதால் தோட்ட ஆபீஸ் அதைக் கழற்றிப் பத்திரமாகக் களஞ்சியத்தில் வைத்துப் பூட்டியது. நோயாளி உட்கார ஒரு பிளாஸ்டிக் கதிரை போட்டார்கள்.

இரண்டு வாரம் ஓடியிருக்கும். ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒரு மஞ்சள் லைட் எரிந்தது. அன்றிலிருந்து அம்புலன்ஸ் நடக்க ஆரம்பித்தது. மேடானாலும் பள்ளமானாலும் ஒரே நடை.

"கொழுந்து எடுத்துட்டுப் போற பொம்பளைங்க என்னைய முந்திட்டுப் போறாங்க தங்கச்சி. போறப்ப டாட்டா வேற காட்டுறாங்க" என்றார் சாரதி மொஹிதீன் நானா. பதுளை கராஜில் பொனட்டைத் திறந்து பார்த்து, மரியாதையோடு மூடிவிட்டார்களாம். இது ஸ்பேனரால் தீர்க்கிற வருத்தமில்லை, மென்பொருள் வருத்தம், கொழும்பிலிருந்து ஆள் வரவேண்டும் என்றார்களாம். கொழும்பிலிருந்து ஆள் வருவதற்கு மேலிடத்து உத்தரவு வேண்டும்.

நான் பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கிறவள். வாயும் கொஞ்சம் நீளம். எனவே மேலிடம் என் பொறுப்பானது.

எங்களுக்கு வாய்த்த மேலிடம், குறை கேட்பதற்கென்றே பதுளையில் இருக்கும் மக்கள் முறைப்பாட்டுப் பணியகம். நான் போன நேரம் நல்ல நேரம். அங்கே அப்போதுதான் விஞ்ஞானம் நுழைந்திருந்தது.

நுழைத்தவர் டொக்டர் சதீசன். இவர் ஆறு வருடம் ஜெனீவாப் பக்கம் நிலத்துக்கடியில் அணுத்துகள்களை மோத வைக்கும் ஆராய்ச்சியில் இருந்தவர். அதன்பின் ஜேர்மனிக்குப் போய்க் கார்களை மோதாமல் வைக்கும் ஆராய்ச்சியில் இருந்தவர். இரண்டிலும் பட்டம் வாங்கியவர். விடுமுறையில் வந்தவரைப் பிடித்துப் பணியகம் ஒரு கருத்தரங்கு வைத்தது. அந்த வருடம் பதுளையில் கருத்தரங்கு வைக்காத அலுவலகத்தை அலுவலகமென்று யாரும் மதிப்பதில்லை. கைதட்ட ஆள் போதாமல் எங்கள் வகுப்பையும் பஸ்ஸில் ஏற்றினார்கள்.

சதீசன் திரையில் படம் காட்டிச் சொன்னார்: "ஒரு செக்கனுக்குக் கோடிக்கணக்கான மோதல்கள் நடக்கும். எல்லாத்தையும் வச்சிருக்க ஏலாது. எங்கட மென்பொருள் கண் இமைக்கிறதுக்குள்ள முடிவெடுக்கும். ஏற்கெனவே தெரிஞ்ச சங்கதி எண்டால் அது பின்னணி, எறிஞ்சுபோடும். முன்னம் காணாத சங்கதி எண்டால் மட்டும் எடுத்து வைக்கும். காருக்கும் இதுதான். மழை, நிழல், இலை எல்லாத்துக்கும் பிரேக் போட்டால் கார் வீட்டை விட்டே வெளிக்கிடாது. வழமையானதை விட்டுட்டு, புதுசுக்கு மட்டும் நிக்கோணும்."

பணியகத்தின் பணிப்பாளர் ஜெயரட்ணம் முதல் வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். முப்பது வருட உத்தியோகத்தில் அவருக்கு இப்படியோர் ஒளி பட்டதில்லை.

"டொக்டர், வழமையானதை எறியிறது பாவமில்லையோ?"

"பாவமில்லை சேர். அதுதான் முறை."

அடுத்த வாரமே பணியகத்தில் அந்த முறை அமுலுக்கு வந்தது. முறைப்பாட்டின் சாரத்தை எழுதுவினைஞர் ஸித்தி ஸுபைதா ஒரு வரியாகக் கணினியில் தட்டுவார். பழைய முறைப்பாடுகளோடு கணினி அதை ஒப்பிடும். முன்பு வந்ததென்றால் திரையில் 'பின்னணி' என்று விழும், கதை முடிந்தது. முன்பு வராததென்றால் மணி அடிக்கும். முறைப்பாட்டுக் கோவை நேரே பணிப்பாளர் மேசைக்குப் போகும்.

என் முறைப்பாட்டை ஸுபைதா தட்டினார். 'தோட்டத்தில் அம்புலன்ஸ் ஓடவில்லை.' அடிக்கவேண்டிய மணி சாமிப்படம்போல அசையாமல் தொங்கியது.

"பின்னணி தங்கச்சி" என்றார் ஸுபைதா, என் முகத்தைப் பார்க்காமல்.

"பின்னணியா? எங்க அண்ணிக்கு வலி வந்தா என்னா செய்றது?"

"நான் என்ன செய்ற? அம்புலன்ஸ் இல்லண்டு ஒவ்வொரு தோட்டத்திலயும் இருந்து வருது. மெஷினுக்கு மனப்பாடம்."

நேரே பணிப்பாளர் அறைக்குள் போனேன். அவர் கோபிக்கவில்லை. வாசித்த மனிதர்.

"இருங்கோ பிள்ளை. உங்கட பிரச்சினையைச் சொல்லுங்கோ."

"சேர், ஒரே கஷ்டத்த நூறு தோட்டம் சொன்னா அது பெரிய கஷ்டமில்லையா? நீங்க என்னா, கூடக்கூட ஆளு சொன்னா அதுக்கு மதிப்புக் கொறையும்ங்கிறீங்க?"

"பாருங்கோ, கம்பஸ் பிள்ளைக்கு எவ்வளவு கெதியா விளங்குது! எங்கட ஆக்களுக்கு மூண்டு நாள் பயிற்சி குடுத்தும் விளங்கேல்லை."

"அந்த வண்டி வந்து ரெண்டு கிழமையில படுத்திருச்சு சேர்."

"பிள்ளை, ஜெனீவாவில உலகமே கூடிச் செய்த மெஷின். எத்தனை ஆயிரம் விஞ்ஞானிகள்! போன செப்டெம்பரிலதான் தொடக்கினவை. பத்து நாள் தாக்குப் பிடிக்கேல்லை, பழுதாப் போச்சு. உங்கட அம்புலன்ஸ் ரெண்டு கிழமை ஓடியிருக்கு. அப்ப ஆர் முன்னேறி நிக்கிறது?"

ஒரு கணம் எனக்கே பெருமையாக இருந்தது என்றால் பாருங்கள்.

வெளியே நடையில் டொக்டர் சதீசன் மடிக்கணினியோடு நின்றார். வாகன மென்பொருளில் பட்டம் பெற்ற ஒரே மனிதர் மாகாணத்தில் நடமாடுகிறார். இதைவிட வேறென்ன வேண்டும்?

"டொக்டர், உங்க கம்பியூட்டர ஒருக்கா எங்க அம்புலன்ஸ்ல கொழுவிப் பாக்க ஏலாதா?"

அவர் பரிதாபமாகச் சிரித்தார். "தங்கச்சி, நான் ஆராய்ச்சியாளன். ரிப்பேர் வேற துறை. என்ர ஆராய்ச்சி 2020இல வரப்போற வாகனங்களுக்கு."

"எங்க அண்ணிக்கு மாசி மாசம்."

"அப்ப அவ கொஞ்சம் முந்திட்டா" என்றார்.

அன்று சாயந்தரம் ஆறாம் லயத்தில் கூட்டம் போட்டோம். மணி அடிக்க வைக்க வேண்டும். இதுவரை எவரும் சொல்லாத ஒரு குறை வேண்டும்.

"அம்புலன்ஸுக்குள்ள யானை ஏறி உக்காந்திருக்குன்னு எழுதும்மா" என்றார் அண்ணன் வீரய்யா.

ஸுபைதாவுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். யானை வேண்டாமாம், வெல்லவாயப் பக்கமிருந்து தினமும் யானை வருகிறதாம். பேய்? பேய் கிழமைக்கு இரண்டு. வானத்திலிருந்து மீன் விழுந்தது? பெரகலையிலிருந்து போன மாதமே வந்துவிட்டதாம். தண்ணீர்க் குழாய் கேட்டு, எங்களைப் போல அலுத்துப்போன யாரோ எழுதியது.

ஆளுக்கொரு யோசனை சொல்லி வாய் ஓய்ந்த பிறகு, அதுவரை கேட்டுக்கொண்டிருந்த அண்ணி காலை நீட்டிக்கொண்டே சொன்னார்.

"நமக்கு ஒரு கொறையும் இல்லைன்னு எழுது."

"என்னாங்கண்ணி, புத்தி கித்தி..."

"எழுது துஷா. அப்படி ஒருத்தனும் எழுதியிருக்க மாட்டான். பாக்குறதுக்காச்சும் வருவாங்க. வந்தா இந்த ரோட்டுலதான வரணும்? அம்புலன்ஸு ரோட்டுலதான நிக்குது?"

எழுதினோம். 'கறுப்புப்பாலத் தோட்டத்தில் எமக்கு எவ்வித குறையும் இல்லை.'

மணி அடித்த அடியில் ஸுபைதாவின் தேநீர் கொட்டியதாம். பக்கத்து அலுவலகத்தார் தீப்பிடித்ததென்று வெளியே ஓடினார்களாம். குறையில்லாத மக்கள்! பணிப்பாளர் எழுந்து நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம். மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை ஆய்வுக்குழு வருமென்று அறிவித்தல் வந்தது.

வந்தார்கள். முன்னால் பணிப்பாளரின் புது ஜீப். அதில் சதீசன் தன் ஆராய்ச்சிக் கருவியைப் பூட்டியிருந்தார்: முன் கண்ணாடிக்கு மேலே ஒரு கமெரா, முன்னே புதிதாக எதைக் கண்டாலும் தானாக பிரேக் போடும் மென்பொருள். ஜேர்மனியில் பழகிய சாமான். அங்கே நெடுஞ்சாலையில் ஆடு படுத்திருப்பதில்லை. கூடை முதுகில் தொங்கப் பெண்கள் வரிசையாகப் போவதில்லை. வளைவில் சூலம் நட்டு எலுமிச்சம்பழம் குத்தியிருப்பதில்லை. ஜீப் ஆட்டைக் கண்டு நின்றது. கூடையைக் கண்டு நின்றது. சூலத்தின் முன் வெகுநேரம் நின்றது. அலுவலகத்தில் நாங்கள் வழமை. ரோட்டில் நாங்கள் அபூர்வம்.

அண்ணிக்கு வலி கண்டதும் அன்றைக்குத்தான். பிளாஸ்டிக் கதிரையில் அவரை ஏற்றி, தோட்டத்து மருத்துவிச்சி குணமணி அம்மாவும் நானும் பக்கத்தில் குந்த, மொஹிதீன் நானா அம்புலன்ஸை நடத்திக்கொண்டு இறங்கினார். பாலத்துக்கு மேல் வளைவில் ஜீப்பும் அம்புலன்ஸும் முகத்துக்கு முகம் சந்தித்தன. ஒரு பக்கம் தேயிலை மேடு, மறுபக்கம் பள்ளம். நடுவில் ஒரு வண்டிக்கு மட்டும் ரோட்டு. மேலே மழை.

நடந்து வருகிற அம்புலன்ஸை அந்த மென்பொருள் பிறந்த நாளிலிருந்து கண்டதில்லை. ஜீப்பின் பிரேக் முழுவதுமாக இறுகிவிட்டது.

"சேர், கொஞ்சம் பின்னுக்கு எடுங்க!" என்று கத்தினார் மொஹிதீன் நானா.

பணிப்பாளர் குடையோடு இறங்கினார். "எடுக்க எனக்கும் விருப்பம்தான் தம்பி. வாகனம் உடன்படுதில்லை."

"டொக்டர், அந்த மென்பொருள நிறுத்துங்க!" என்றேன் நான்.

சதீசன் மடிக்கணினிக்குள் முகத்தை வைத்திருந்தார். "ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம். இப்பிடியொரு தரவு ஜேர்மனியில கிடையாது. அக்கா, கொஞ்சம் பொறுக்க ஏலுமோ?"

கதிரைக் கையைப் பிடித்துக்கொண்டு அண்ணி பல்லைக் கடித்தார். "ஐயா, ஒங்க வண்டிக்கு இருக்கிற பிரேக்கு எனக்கு இல்லைங்க."

குணமணி அம்மா அதற்கு மேல் காத்திருக்கவில்லை. "இந்தக் கதிரையில வச்சு என்ன செய்றது? அந்த ஜீப்புக் கதவைத் திறவுங்கோ! ஆம்பிளையள் அங்கால போங்கோ!"

ஜீப்பின் பின் ஆசனம் நல்ல அகலம். அரைமணி நேரத்தில் பெண்பிள்ளை பிறந்தது. பணிப்பாளர் தன் கோட்டைக் கழற்றிக் கொடுத்தார். மழையில் நனைந்துகொண்டு, குழந்தையின் அழுகையைக் கேட்டு, அவர் கண்ணும் கலங்கியதை நான் பார்த்தேன். பொய் சொல்லக்கூடாது.

"இதுக்கு நானே சாட்சி, பிள்ளை. திருப்பி எழுதுங்கோ. இந்த முறை மணி அடிக்காட்டி நான் கதிரையை விட்டு எழும்புறன்."

எழுதினேன். 'அம்புலன்ஸ் ஓடாததால் பணிப்பாளரின் ஜீப்பில் பிரசவம், சாட்சி பணிப்பாளர்.' மணி நிற்கவே இல்லையாம். கடைசியில் வயரைப் பிடுங்கினார்களாம். அண்ணன் லயம் லயமாகப் போய், "நம்ம புள்ளைக்கு மணி அடிச்சிச்சாம்ல!" என்று சொல்லித் திரிந்தார். அண்ணி பிள்ளைக்கு நிரோஷினி என்று மனுசப் பெயர்தான் வைத்தார். தோட்டம் அதை ஜீப்பு என்று கூப்பிடுகிறது.

இதற்குள் எங்கள் கதை மற்றத் தோட்டங்களுக்கும் போயிருந்தது. குறையில்லை என்றால் ஜீப்பே வருகிறதாம்! ஊவா மாகாணத்தில் ஒரு தோட்டம் மிச்சமில்லாமல் 'எமக்கு எவ்வித குறையும் இல்லை' என்று எழுதிப் போட்டது. எங்களுடையதற்குப் பிறகு வந்த எதற்கும் மணி அடிக்கவில்லை, குறையில்லாததும் வழமையாகிவிட்டது. மாகாணத்தில் குறைகள் முற்றாக ஒழிந்தன என்று பணியகத்தின் ஆண்டறிக்கை வந்தது. அதற்கு விருதும் கிடைத்தது. அம்புலன்ஸ் பாலத்தடியில் நின்றது. உள்ளே கதிரையில் யாருடையதோ கோழி முட்டையிட்டது.

ஆவணி மாதம் எங்கள் பதில் வந்தது. லயமே வாசலில் கூடியது. அண்ணி ஜீப்பை இடுப்பில் வைத்துக்கொண்டு, "சத்தமா படி துஷா" என்றார். படித்தேன்.

"தங்களது முறைப்பாடு இப்பணியகத்தின் வரலாற்றிலேயே மிக அபூர்வமான நிகழ்வாகக் கணினியால் இனங்காணப்பட்டுள்ளமையை மகிழ்ச்சியுடன் அறியத்தருகின்றேன். எனினும், ஒரு தடவை மாத்திரம் நிகழ்ந்ததைக் கொண்டு முடிவுக்கு வருதல் விஞ்ஞான முறையாகாதென டொக்டர் சதீசன் அவர்கள் அபிப்பிராயம் தெரிவித்துள்ளார். ஆகையால், மேற்படி நிகழ்வு அதே வளைவில், அதே நிலைமைகளின் கீழ் மீண்டுமொருமுறை நிகழ்ந்து உறுதிப்படும் வரை, அம்புலன்ஸ் வண்டியின் தற்போதைய நிலையில் எவ்வித மாற்றமும் செய்யலாகாதெனப் பணிக்கப்பட்டுள்ளது. திருமதி வீரய்யா லெட்சுமி அவர்களின் அடுத்த பிரசவத் திகதியைத் தாமதமின்றி அறியத்தரவும். ஜீப் வண்டி ஒதுக்கி வைக்கப்படும்."