சின்ன ர, பெரிய ற

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்யும் வாசகி ஒருத்தி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நான் நலம். தாங்களும் தங்கள் அலுவலகத்தில் உள்ள அனைவரும் நலமாக இருக்க வேண்டும் என்றே விரும்புகிறேன். பிழை திருத்துபவர் மட்டும் இந்தக் கடிதத்தைப் படித்த பிறகு ஒரு வாரம் சரியாகத் தூங்காமல் இருந்தால் போதும்.

தங்கள் இதழின் ‘வாசகர் சிந்தனை’ பக்கத்தில் இரண்டு வருடங்களாக ‘ஓரக்கண்’ என்ற பெயரில் எழுதிவருவது நான்தான். வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரியவும் வேண்டாம். ஒரு வரி எழுதினால் அதோடு முடிந்துவிடும். எழுதியது இன்னார் என்று தெரிந்தால், ‘யாரைச் சொல்ற?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே ஆயுள் தீர்ந்துவிடும். இந்த மாதத்துக்கு நான் அனுப்பிய வரி இது: ‘சண்டை வரும்போது வீட்டில் ஒருவராவது குறைத்துப் பேச வேண்டும். அந்த ஒருவரால்தான் வீடு வீடாக இருக்கிறது.’ நான்கு நாள் யோசித்து எழுதியது. வாழ்க்கை, ஒழுக்கம், சமூகம் என்று தாங்கள் கேட்கும் மூன்றும் அதில் இருக்கின்றன. தாங்கள் அச்சிட்டிருப்பது: ‘சண்டை வரும்போது வீட்டில் ஒருவராவது குரைத்துப் பேச வேண்டும்.’ பெரிய ற இருக்க வேண்டிய இடத்தில் சின்ன ர. ஓர் எழுத்துதானே என்று தாங்கள் நினைக்கலாம். எங்கள் கடை எழுத்துப் பலகையின் கடைசி வரிசையில் இந்த இரண்டு எழுத்துகளும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. தினமும் நாற்பது பேரை உட்கார வைத்து, ஒரு கண்ணை மூடச் சொல்லி, ‘இது சின்ன ரவா, பெரிய றவா?’ என்று கேட்பதுதான் என் பிழைப்பு. என் வரியிலேயே அந்த எழுத்து மாறினால் நான் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது?

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா தங்கள் இதழை அட்டை முதல் அட்டை வரை சத்தமாகப் படிப்பார். அவர் ரயில் நிலையத்தில் ஒலிபெருக்கியில் வண்டி வரும் நேரத்தை அறிவித்து ஓய்வு பெற்றவர். வீட்டில் உப்பு தீர்ந்துவிட்டது என்பதையும் இரண்டு தடவை சொன்னால்தான் அவருக்குத் திருப்தி. அன்றைக்கு என் வரியையும் இரண்டு தடவை படித்தார். அம்மா ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். காதால் கேட்டால் இரண்டும் ஒன்றுதானே, அதனால் தலை நிமிராமலேயே, “அதைத்தான் முப்பது வருஷமா பண்ணிட்டிருக்கேன்” என்றாள்.

“இரு, இரு. நீ நினைக்கிற குறை இல்ல இது. சின்ன ர போட்டிருக்கு. நாய் குரைக்குமே, அந்தக் குரை.”

“நாயா? வீட்டுக்குள்ளயா?”

“அங்கதான் இருக்கு சூட்சுமம். குரைக்கிற நாய் கடிக்காது. அப்ப, வீட்டுல ஒருத்தன் குரைச்சா என்ன அர்த்தம்? அந்த வீட்டுல கடி இல்லைன்னு அர்த்தம். எழுதினவன் சாதாரண ஆள் இல்ல. அறுபது வயசாவது இருக்கும். வாழ்க்கையில அடிபட்ட ஆளு.”

இருபத்தேழு வயதான அந்த அடிபட்ட ஆள் எதிரே உட்கார்ந்து காபியைச் சத்தமில்லாமல் விழுங்கிக்கொண்டிருந்தாள்.

ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். அறிவித்த வாயைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இத்தனை நாளும் அப்பா கோபம் வந்தால் கத்துவார், பிறகு கொஞ்சம் வெட்கப்படுவார். அந்த வெட்கம்தான் எங்கள் வீட்டுக்கு வேலி. தங்கள் இதழ் வந்த பிறகு கத்துவதற்கு ஒரு தத்துவம் கிடைத்து, வேலி போய்விட்டது. திங்கட்கிழமை, மாடிக்காரர் பூந்தொட்டிக்கு ஊற்றும் தண்ணீர் எங்கள் ஜன்னலில் வழிகிறது என்று படிக்கட்டில் நின்று குரைத்தார். மாடிக்காரரும் தங்கள் வாசகர் என்பது அப்போதுதான் தெரிந்தது. அவர் இன்னும் பலமாகக் குரைத்தார். “ஒருத்தர்தான் சார் குரைக்கணும், அது நான்” என்று அப்பா சொல்ல, “ஒருவராவதுன்னு போட்டிருக்கு சார். குறைஞ்சது ஒருத்தர்னு அர்த்தம். ரெண்டு பேருன்னா இன்னும் விசேஷம்” என்று அவர் சொல்ல, இருவரும் ஆளுக்கோர் இதழை எடுத்துவந்து படிக்கட்டிலேயே உட்கார்ந்து சொல் சொல்லாகப் பிரித்துப் பொருள் பார்த்தார்கள். என் எழுத்தை இவ்வளவு கவனமாக யாரும் படித்ததில்லை. ஆனால் அது என் எழுத்தே இல்லையே, ஐயா!

செவ்வாய்க்கிழமை நடந்தது இதைவிட மோசம். அண்ணன் சில மாதங்களாக வீட்டிலிருந்தே அலுவலக வேலை பார்க்கிறான். கூடத்து மேஜையில் கணினியை வைத்து, சட்டை மட்டும் அலுவலகத்துக்கும் லுங்கி மட்டும் வீட்டுக்குமாக உட்கார்ந்து, கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தான். சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. அப்பா அவன் தோளுக்கு மேலே குனிந்து, திரையில் தெரிந்த மேலதிகாரியைப் பார்த்து, “தம்பி, கவனத்துக்கு. என் பையன் சாப்பிடணும். உங்க கூட்டம் இருபது நிமிஷம் தாமதமா தொடரும்” என்று ரயில் நிலையமே அதிரும் குரலில், வழக்கம்போல் இரண்டு தடவை சொன்னார். அண்ணன் அன்று சாப்பிடவில்லை. கதவு உள்ள ஓர் அறை இல்லாமல் இனி இந்த வீட்டில் வேலை பார்க்க முடியாது என்று சொல்லிவிட்டான். இந்தக் கதவை நினைவில் வைத்துக்கொள்ளவும், பிறகு வரும்.

கடையிலாவது தப்பிக்கலாம் என்று போனால், காத்திருப்பவர்களுக்காக முதலாளி பெஞ்சில் வாங்கிப் போடுவதும் தங்கள் இதழ்தான். எங்கள் கடையில் லென்ஸ் தேய்க்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். பதினோரு வருடமாகப் பின்னால் உள்ள சின்ன அறையில் வேலை. அவர் பேசி யாரும் கேட்டதில்லை. லென்ஸைத் தந்துவிட்டுத் தலையாட்டுவார், அவ்வளவுதான். புதன்கிழமை மதியம் அவர் வெளியே வந்து, ஏழு வாடிக்கையாளர்கள் முன்னால் நின்று, “அந்த ரூம்ல மூச்சு விட முடியல. ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போடுங்க. போடலைன்னா நாளைலேர்ந்து இங்க நடுவுல உக்காந்துதான் தேய்ப்பேன்” என்றார். முதலாளி கையில் இருந்த ஃபிரேமைக் கீழே போட்டுவிட்டார்.

“என்னப்பா, திடீர்னு கடிக்கிற?”

“கடிக்கல முதலாளி, குரைக்கிறேன். புக்குல போட்டிருக்கு.”

மறுநாளே ஃபேன் வந்தது. முதலாளி என்னிடம் வந்து, “எவன்மா இந்த ஓரக்கண்ணு? கைல கிடைச்சான்னா நேர்க்கண்ணா ஆக்கி அனுப்பிடுவேன்” என்றார். நான் எழுத்துப் பலகையை மும்முரமாகத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஃபேன் வந்தது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் நல்லதே நடந்தாலும் சரியான எழுத்தின் வழியாக நடக்க வேண்டும் என்பது என் உறுதியான கொள்கை.

இதுவரை நடந்ததை எல்லாம்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். வெள்ளிக்கிழமை நடந்ததுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். எங்கள் வீட்டில் கதவும் பெரிய ஜன்னலும் உள்ள அறை ஒன்றே ஒன்று. அதில் அம்மாவின் தையல் மிஷினும், துணி வெட்டும் மேஜையும், அவள் தைத்துக் கொடுக்கும் பள்ளிக்கூடச் சீருடைகளின் அடுக்குகளும் இருக்கின்றன. அப்பாவும் அண்ணனும் கூடிப் பேசி, மிஷினைச் சமையலறை ஓரத்துக்கு மாற்றுவது, அந்த அறையை அண்ணனுக்குத் தருவது என்று முடிவு செய்து, புத்தக அலமாரிக்கு அளவெடுக்கத் தச்சரையும் வரச் சொல்லிவிட்டார்கள். அண்ணன் இதுவரை படித்த புத்தகங்கள் ஒரு தட்டைக்கூட நிரப்பாது என்பது வேறு விஷயம். அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை. “அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க” என்றான் அண்ணன். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

தச்சர் அளவு நாடாவை ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு இழுத்தார். அது மிஷினுக்குக் குறுக்கே, அம்மாவின் மூக்குக்கு முன்னால் போனது. அம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

“இந்த ரூமை அளக்கச் சொன்னது யாரு?”

“எல்லாம் பேசியாச்சு” என்றார் அப்பா.

“யார்கிட்ட பேசியாச்சு? மிஷின்கிட்டயா?”

தச்சரின் நாடா சரக்கென்று டப்பாவுக்குள் ஓடிவிட்டது.

“எதுக்கு இப்படிக் கத்துற?”

“கத்தல. குரைக்கிறேன். வீட்டுல ஒருத்தராவது குரைக்கணும்னு நீங்கதானே ரெண்டு தடவை படிச்சுக் காட்டினீங்க? நீங்க முப்பது வருஷம் குரைச்சாச்சு. தொண்டைக்கு ஓய்வு குடுங்க. இனிமே என் முறை.”

அண்ணன் நடுவில் புகுந்து, “சரிம்மா, ஒரு பலகைத் தடுப்பு போட்டுடலாம். உங்களுக்குப் பாதி, எனக்குப் பாதி” என்றான். “ஜன்னல் எந்தப் பாதியில வரும்?” என்று அம்மா கேட்டாள். அவன் தச்சரைப் பார்த்தான். தச்சர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அப்பா ஓடிப் போய்த் தங்கள் இதழைத் தூக்கிவந்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்து, ஐந்தே நாளில் தன் தத்துவத்தைக் கைகழுவினார். “இது அச்சுப் பிழை! பெரிய றதான் வரணும். குறைச்சுப் பேசணும்னுதான் அந்தப் பெரிய மனுஷன் எழுதியிருப்பான்!” அம்மா அசையவில்லை. “எழுதினவங்களே அதைச் சொல்லட்டும். அடுத்த மாசப் புத்தகத்துல வரட்டும். அன்னைக்கே ரூமைக் காலி பண்ணித் தர்றேன். வாயையும் மூடிக்கிறேன்” என்றாள். சொல்லும்போது ஏனோ என்னைப் பார்த்தாள். அதுவரைக்கும் வேலை இல்லை என்று தச்சரைத் திருப்பி அனுப்பினார்கள். ஆக, எங்கள் வீட்டில் ஓர் அறை யாருக்கு என்பது தங்கள் அடுத்த இதழின் ஓர் எழுத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அப்பா என்னைக் கூப்பிட்டு, “நீதான் கோர்வையா எழுதுவியே. ஆசிரியருக்கு ஒரு கடிதம் போடும்மா. காரமா போடு” என்றார். போடுகிறேன்.

ஐயா, நான் எழுதியது குறை, குரை அல்ல. ஒரு சிந்தனையை ஆயிரம் பேர் ஆயிரம் விதமாகப் புரிந்துகொள்ளலாம், அது அவர்கள் உரிமை. மாற்றி அச்சிடுவது யாருடைய உரிமையும் அல்ல. அடங்கிப் பேசுகிறவர்களால்தான் குடும்பம் நிற்கிறது, தெரு நிற்கிறது, சமூகம் நிற்கிறது என்று நம்பி ஒருத்தி எழுதினால், அதை ஒரே எழுத்தில் தெருநாய்க்குக் கொடுத்துவிடுவதா? எழுத்தைக் காப்பாற்றாதவர் கருத்தைக் காப்பாற்ற மாட்டார். (இதை வேண்டுமானால் அடுத்த சிந்தனையாகப் போட்டுக்கொள்ளலாம்.) ஆகவே அடுத்த இதழில், கட்டம் கட்டி, கண்ணில் படும் இடத்தில், ‘குறைத்துப் பேச வேண்டும்’ என்று திருத்தம் வெளியிடவும். என் கைப்பிரதியை எடுத்துப் பார்த்தால் தங்களுக்கே விளங்கும். என் கையெழுத்து கண்ணாடி போட்டவருக்கும் போடாதவருக்கும் ஒரே மாதிரி தெளிவாகத் தெரியும்.

தங்கள் இதழ் பல்லாண்டு வாழட்டும், பிழையின்றி வாழட்டும். தங்களுக்கும் தங்கள் குடும்பத்தாருக்கும் கடைசி வரிசை வரை தெரியும் பார்வை என்றும் நிலைக்கட்டும். பிழை திருத்துபவரை எங்கள் கடைக்கு அனுப்பினால் நானே உட்கார வைத்துப் படிக்கச் சொல்லி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
கோபம் சற்றும் தணியாத
ஓரக்கண்

பின்குறிப்பு: சான்றாக என் நோட்டில் உள்ள முதல் பிரதியையும் உறையில் வைக்கலாம் என்று எடுத்தேன். அதில் சின்ன ரதான் இருக்கிறது. அழகாக, தெளிவாக, என் கையெழுத்தில். பிழை திருத்துபவர் நன்றாகத் தூங்கட்டும்.

நோட்டைப் பிடித்தபடி நான் நின்றதை அம்மா பார்த்தாள். “மூணாம் கிளாஸ்லேர்ந்து நீ அப்படித்தான் எழுதுற” என்றாள். ஓரக்கண் யார் என்று அவளுக்கு இரண்டு வருடமாகத் தெரியுமாம். எழுதிக் கிழித்த காகிதங்களைப் பையிலேயே விட்டுச் சட்டையைத் துவைக்கப் போட்டால் யாருக்குத்தான் தெரியாது? “என்னைப் பார்த்துத்தானே எழுதின? அந்த ஒருத்தி நான்தானே?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். புகழ்ந்துதான் எழுதினேன் என்றேன். “தெரியும். ஆனா வீடு நிம்மதியா இருக்கட்டும்னு நான் குறைச்சுப் பேசலம்மா. கேக்க ஆள் இல்ல, அதனால குறைச்சுப் பேசினேன்” என்றாள். தூரத்தில் இருப்பது தெரிந்து, பக்கத்தில் இருப்பது தெரியாமல் போவதற்கு எங்கள் கடையில் ஒரு கண்ணாடி உண்டு. எனக்கு அதை இவ்வளவு நாள் யாரும் போட்டுவிடவில்லை.

ஆகவே திருத்தம் வேண்டாம். மேலே கேட்ட எதையும் செய்ய வேண்டாம். அப்பா தங்களுக்குத் தனியாகவும் எழுதக்கூடும். எழுதினால், ‘சின்ன ரதான் சரி என்று எழுதியவரே உறுதி செய்திருக்கிறார்’ என்று இரண்டு தடவை பதில் எழுதவும்.

இந்தக் கடிதத்தை அம்மா முழுவதும் படித்தாள். ‘குறை’ வரும் இடங்களில் நான் மிகக் கவனமாக இருந்திருக்கிறேன். ஆனால் மேலே ‘அறை’ என்று வரும் இடமெல்லாம் சரியாக இருப்பது அவள் பென்சிலால் திருத்தியதால்தான். நான் எல்லா இடத்திலும் ‘அரை’ என்று எழுதியிருந்தேன்.

“சின்ன ர போட்டா பாதின்னு அர்த்தம்” என்றாள். “எனக்கு முழுசா வேணும்.”