நாற்பது தறிக்காரர்களுக்கு ஒரு காப்பி மெஷின்

என் அருமைத் தங்கை பார்த்தினிக்கு,

உன் அண்ணன் வார்சித்தோ ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது. அல்லாஹ்வின் கருணையால் இங்கே நாங்கள் நால்வரும் சௌக்கியம். நால்வர் என்றால் நான், உன் அண்ணி லஸ்மி, உன் மகள் ரத்ரி, அப்புறம் உன் அண்ணியின் சேவல். வீட்டில் இப்போது வேளை தவறாமல் வேலை செய்வது அது ஒன்றுதான் என்று லஸ்மி சொல்லிக் காட்டுவதால் அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். தைச்சுங்கில் நீயும், நீ கவனித்துக்கொள்ளும் பெரியவரும் நலமாக இருக்க துஆ செய்கிறேன். அவர் இன்னும் உன்னைச் செத்துப்போன தன் தங்கச்சி என்று நினைத்துக்கொண்டு திட்டுகிறாரா? திட்டிவிட்டுப் போகட்டும். அண்ணன் முறையில் அங்கேயும் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்.

போன் இருக்கும்போது இந்தக் காலத்தில் கடிதம் எதற்கு என்று கேட்பாய். லீவு முடிந்து தைவானுக்குத் திரும்புகிற சுலாஸ்திரி கையில் இதையும் ஒரு டப்பா மொறுமொறு வேர்க்கடலை பெயேக்கையும் கொடுத்தனுப்புகிறேன். விமானத்தில் அவள் டப்பாவைத் திறக்காமல் இருந்தால் இரண்டும் உனக்கு வந்து சேரும். வீடியோவில் பேசினால் நீ என் கண்ணைப் பார்ப்பதில்லை, வாயைத்தான் பார்க்கிறாய். நீயும் நம் மில்லில் தறி ஓட்டியவள்தானே. காது செவிடாகிற அந்தச் சத்தத்தில் உதட்டைப் பார்த்தே ஊர்க்கதை முழுக்கப் படித்த கண் உனக்கு இன்னும் மங்கவில்லை. நான் “நல்லா இருக்கோம்” என்றதும் உதடு எந்தப் பக்கம் கோணுகிறது என்று பார்த்துவிட்டு, “அண்ணே, நெசத்தைச் சொல்லு” என்கிறாய். காகிதத்துக்கு உதடு கிடையாது. நிம்மதியாக எழுதலாம்.

முதலில் முக்கியமான விஷயம். உன் ஒப்பந்தம் பெருநாளுக்கு முன்னால் முடிகிறது, இன்னும் மூன்று வருடத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்லி அந்த வீட்டம்மா நச்சரிக்கிறாள் என்று சொன்னாய். போடாதே. பேசாமல் ஊருக்கு வா. நீ போகும்போது ரத்ரிக்குப் பால்பல்கூட விழவில்லை. இப்போது என் செருப்பை அவள் போட்டுக்கொண்டு போகிறாள். மில்லை மூடிவிட்டார்களே, அண்ணன் என்ன செய்வான் என்று நீ யோசிக்க வேண்டாம். அரசாங்கம் எங்களைக் கைவிடவில்லை. மறுபயிற்சி கொடுத்திருக்கிறது. உன் அண்ணன் இப்போது சான்றிதழ் பெற்ற காப்பிக் கலைஞன். சிரிக்காதே, சான்றிதழில் அப்படித்தான் போட்டிருக்கிறது.

எப்படி என்று சொல்கிறேன். மில் கேட்டைப் பூட்டிய மறுமாதம் எங்களை மாவட்டப் பயிற்சி நிலையத்துக்குக் கூப்பிட்டார்கள். கேக் செய்வது, கைப்பேசி ரிப்பேர், இணையத்தில் வியாபாரம், காப்பி என்று நான்கு வகுப்பு. எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். கேக் வகுப்பு நிறைந்துவிட்டது, கைப்பேசியின் திருகாணி எங்கள் யார் கண்ணுக்கும் தெரியவில்லை, இணையத்தில் விற்கலாம்தான், ஆனால் விற்பதற்கு எங்களிடம் ஒன்றும் இல்லை. என் பக்கத்துத் தறி ஜுமேனோ காப்பி அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, “அண்ணே, இதுலதான் மெஷின் இருக்கு. கைப்பிடி இருக்கு, ஆவி வருது, சத்தம் போடுது, நம்ம ஆளு மாதிரியே இருக்கு” என்றான். அவ்வளவுதான், நம் நெசவுக்கூடத்தில் மிஞ்சியிருந்த நாற்பது பேரும் காப்பி வகுப்பில் போய் உட்கார்ந்துவிட்டோம். மெஷின் என்னவோ ஒன்றே ஒன்று. கற்றுக்கொடுக்க வந்தவன் டிமாஸ் என்று ஒரு பையன், தங்கமான பிள்ளை, எங்களில் பாதிப் பேருக்கு மகன் வயது. முதல் நாள் ஆளுக்கு ஒரு மிடறு காப்பி கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு என்ன வாசம் வருகிறது, பூ வாசமா, பழ வாசமா, சொல்லுங்கள் என்றான். ஜுமேனோ வெகுநேரம் கண்ணை மூடியிருந்துவிட்டு, “எனக்கு காப்பி வாசம்தான் தம்பி வருது. மூக்குல ஏதாச்சும் கோளாறா?” என்று கவலையோடு கேட்டான். மூல்யானி அக்காவை உனக்கு ஞாபகம் இருக்கும், உனக்குத் தறி சொல்லிக்கொடுத்தவள். அவள் பங்குக்குப் பையிலிருந்து சர்க்கரையை எடுத்து நாலு கரண்டி போட்டுக் கலக்கினாள். டிமாஸ் பதறிப்போய், “அக்கா, இது சர்க்கரை போடாம குடிக்கிற காப்பி!” என்றான். அவள் அவனை மேலும் கீழும் பார்த்து, “ஏன் தம்பி, வீட்டுல அவ்வளவு கஷ்டமா?” என்றாள்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. தறிக்காரர்களுக்குச் சத்தம் கேட்டால் ஒன்றும் ஆகாது, சத்தம் நின்றால்தான் ஆபத்து என்று டிமாஸுக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை. அவன் பாலை நுரைக்க வைப்பதைச் செய்து காட்டிக்கொண்டே இருந்தவன் திடீரென்று மெஷினை நிறுத்தினான். நாற்பது பேரும் ஒரே நேரத்தில் துள்ளி எழுந்து, எங்கேயோ நூல் அறுந்து தறி நின்றுவிட்டது என்று தேட ஓடினோம். நான் ஜன்னல்வரை போய்விட்டேன். எதைத் தேடுகிறோம் என்று அங்கே நின்று யோசித்தபோதுதான் மில் மூடியாயிற்று என்பது எனக்கு மறுபடியும் ஞாபகம் வந்தது. எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் திரும்பி வந்து உட்கார்ந்தோம். அந்தப் பிள்ளை பயந்துபோய் அதற்குப் பிறகு மெஷினை நிறுத்துவதற்கு முன்னால், “அக்கா, அண்ணே, நிறுத்தப் போறேன்” என்று சொல்லிவிட்டுத்தான் நிறுத்துவான்.

பரீட்சை வந்தது. பரீட்சை செய்ய வந்த அதிகாரி அம்மா வாடிக்கையாளர் மாதிரி எதிரே உட்கார்ந்துகொள்வார், நாங்கள் சிரித்த முகத்தோடு என்ன வேண்டும் என்று கேட்டுப் போட்டுக் கொடுக்க வேண்டும். என் முறை வந்தபோது மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. நான் சிரித்த முகத்தோடு, நல்வரவு, சர்க்கரை வேண்டுமா, பால் வேண்டுமா என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டேன். அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி கேட்டேன். அவர் முகம் கனிந்து கண் கலங்கிவிட்டது. சத்தத்துக்கு நடுவில் நம் வழக்கப்படி நான் குரலே விடாமல் உதட்டால் மட்டும் பேசியிருக்கிறேன், பார்த்தினி! ஊமை மனிதன் பாவம் எப்படி உழைக்கிறான் என்று அவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்வதை அவர் உதட்டிலேயே படித்துவிட்டு, “இல்ல மேடம், எனக்குப் பேச வரும்!” என்று நான் குரல் கொடுத்தேன். நமக்குத்தான் இரண்டே குரல் ஆயிற்றே, ஒன்று சத்தமே இல்லாதது, இன்னொன்று மூன்றாவது வரிசைத் தறிவரை கேட்பது. அவர் துள்ளியதில் மேசைமேல் இருந்த கோப்பை அவர் மடியில் விழுந்தது. வாசலில் பைக் கழுவிக்கொண்டிருந்த காவலாளி உள்ளே ஓடி வந்தான். இருந்தாலும் எனக்குச் சான்றிதழ் கொடுத்துவிட்டார்கள், எல்லோருக்கும் கொடுத்தார்கள், பரீட்சைக்கே வராத இரண்டு பேருக்கும் கொடுத்தார்கள். லஸ்மி அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள். ஆணி சரியில்லை, கொஞ்சம் சாய்ந்திருக்கிறது.

பிறகு வேலைவாய்ப்பு முகாம். எங்களைக் கூடத்தில் வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். கூடத்தின் ஓரத்தில் கண்ணாடி அறை, உள்ளே ஏதோ ஒரு காப்பிக் கடைக் கம்பெனியிலிருந்து வந்த இளஞ்சிவப்பு முக்காடு போட்ட ஒரு சின்னப் பெண்ணும், அவளோடு ஒரு பையனும். கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள், ஒரு சொல் வெளியே வரவில்லை. வர வேண்டிய அவசியமும் இல்லையே. அவள் சொன்னாள்: “எல்லாருக்கும் நாப்பத்தஞ்சுக்கு மேல ஆயிடுச்சு, பாவம். நம்ம கடையில இருபத்தஞ்சு தாண்டினா எடுக்க மாட்டாங்க. மேலிடத்துல போகச் சொன்னதால வந்தோம். பேருக்கு ஆளுக்கு ரெண்டு கேள்வி கேட்டு, சாப்பாட்டுப் பொட்டலம் குடுத்து அனுப்பிடலாம்.” நாற்பது பேரும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நாற்பது பேருக்கும் கேட்டுவிட்டது. ஜுமேனோ எழுந்திருக்கப் பார்த்தான். மூல்யானி அக்கா எங்கள் பக்கம் திரும்பி, குரல் இல்லாமல் சொன்னாள்: “உக்காருடா. யாரும் மூஞ்சியில காட்டிக்காதீங்க. நமக்குத் தெரிஞ்சுபோச்சுன்னா அந்தப் பொண்ணுக்குச் சங்கடமா போயிடும். அவளும் வேலைக்கு வந்தவதானே.”

நம் ஊர் மனிதர்களை உனக்குத் தெரியாதா, எதிரே இருப்பவர் முகம் வாடிவிடக் கூடாது என்று நம் வயிற்றைக் கட்டிக்கொள்வோம். ஒருவர் பாக்கி இல்லாமல் தலைவாரி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, ஒவ்வொருவராக உள்ளே போய் ஒழுங்காகப் பதில் சொல்லிவிட்டு வந்தோம். என்னிடம் உங்கள் திறமை என்ன என்று கேட்டாள். பன்னிரண்டு தறியை ஒரே நேரத்தில் பார்த்துக்கொள்வேன் என்றேன். எழுதிக்கொண்டாள். அடுத்த வருடத்துக்கு என்ன திட்டம் என்று கேட்டாள். “பெருநாளைக்குத் தங்கச்சி வர்றாம்மா” என்றேன். அவள் பேனா நின்றுவிட்டது. பிறகு, “கட்டாயம் கூப்பிடறோம் சார்” என்றாள். நானும் சிரித்துக்கொண்டு, “ரொம்ப சந்தோஷம்மா, காத்திருக்கேன்” என்று சொல்லி, பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வந்தேன். நல்ல பொட்டலம். கோழித் துண்டை ரத்ரிக்கு எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தைப் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். பார்த்தினி, சாப்பிடும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. வேலை போனபோதுகூட நான் அழவில்லை.

இதை எழுதியிருக்கக் கூடாது. பேனாவால் எழுதிவிட்டேன், அடித்தால் காகிதம் அசிங்கமாகும், நீ இந்த ஒரு பக்கத்தைப் படிக்காதே. உலகத்தில் காப்பிக் கடை அது ஒன்றுதானா? ஜுமேனோ பைக்கில் ஆள் ஏற்றிக்கொண்டு சுற்றுகிறான், மூல்யானி அக்கா சந்தை வாசலில் கீரையும் கடலைச் சட்னியும் விற்கிறாள். எனக்கும் ஏதாவது அமையும். நீ எதையும் மனதில் போட்டுக்கொள்ளாமல் டிக்கெட் எடு. ரத்ரி உனக்காகத் தன் கட்டிலில் பாதியை இப்போதே ஒதுக்கி வைத்துச் சுவர்ப் பக்கமாகப் படுக்கிறாள். லஸ்மி உன் அறையின் கூரை ஓடுகளை மாற்றச் சொல்லித் தினமும் நச்சரிக்கிறாள், மாற்றிவிடுவேன். பெருநாளன்று நம் வழக்கப்படி எல்லோரும் சேர்ந்து பெரியவர்கள் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்போம், நானே காப்பி போடுகிறேன், டிமாஸ் சொல்லிக்கொடுத்த மாதிரி பால் நுரையில் இலை வரைகிறேன். இப்போதைக்கு ஆமை மாதிரிதான் வருகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். குளிரில் வெறும் காலோடு தரை துடைக்காதே. அந்தப் பெரியவருக்கு என் வணக்கம். அல்லாஹ் உன்னை நோய்நொடி இல்லாமல் வைத்திருந்து, பெருநாளுக்கு முன்னால் எங்கள் கண் முன் கொண்டுவந்து நிறுத்தட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்
வார்சித்தோ

பி.கு.: உறையை ஒட்டப் போன நேரத்தில் ரத்ரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அம்மாவுக்கு ஏதாவது எழுத வேண்டுமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்துவிட்டு, “அம்மாவை வர வேண்டாம்னு எழுதுங்க மாமா. இன்னும் மூணு வருஷம் இருந்துட்டு வரட்டும். பணத்துக்கு என்ன பண்றதுன்னு நீங்களும் அத்தையும் பேசிக்கிட்டிருந்தது எனக்குக் கேட்டுச்சு. ஆனா நான் சொன்னேன்னு எழுதாதீங்க, அம்மா அழும்” என்றாள். அவள் முகத்தைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். நம் பிள்ளைதானே, மனசில் இருப்பதை முகத்தில் காட்டாமல் இருக்க அவளுக்கும் வந்துவிட்டது.

இந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம். ஆனால் நீ வர வேண்டும் என்று மேலே எழுதியதெல்லாம் நான் ஆசைப்பட்டு எழுதியது, அதனால் அப்படியே இருக்கட்டும். எந்தக் கடையிலிருந்தும் யாரும் கூப்பிடவில்லை, பார்த்தினி. கூப்பிட மாட்டார்கள். கையெழுத்தைப் போட்டுவிடும்மா. உன் முடிவு என்று நீயாகவே ரத்ரியிடம் போனில் சொல். அவள் இப்போதுதான் முதல் தடவையாகக் கேட்கிற மாதிரி, “அப்படியாம்மா?” என்பாள். நீயும் எதையும் காட்டிக்கொள்ளாதே.