பத்தாயிரம் வருஷத்து எலி

மனிதனுக்கு அறிவு வருவதற்கு முன்பே தன்னம்பிக்கை வந்துவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே கிடைத்த இடைவெளியில்தான் நான் ஆராய்ச்சி செய்தேன்.

அப்போது நான் திருவனந்தபுரத்தில் பிஎச்.டி. மாணவன். ஆராய்ச்சிப் பொருள், எலிப்பல். (சிரிக்காதீர்கள். பெண் பார்க்கப் போன வீடுகளில் எல்லாம் வேண்டிய அளவு சிரித்துவிட்டார்கள்.) பழங்காலக் குகையின் தரையைத் தோண்டி, மண்ணைச் சல்லடையில் போட்டுத் தண்ணீரில் அலச வேண்டும். மிஞ்சும் பொடியை மைக்ராஸ்கோப்பின் கீழ் பரப்பி, ஈரமான பெயின்ட் பிரஷ் நுனியால் கடுகளவு பற்களை ஒவ்வொன்றாக ஒட்டி எடுக்க வேண்டும். அந்தக் காலத்து ஆந்தைகள் எலியையும் மூஞ்சூறையும் விழுங்கி, எலும்பைக் குகைக்குள் கக்கிவிட்டுப் போனவை அவை. ஆந்தை கக்கியதைக் கிளற அரசாங்கம் உதவித்தொகை கொடுக்கிறது என்பதை என் சித்தப்பா இன்றுவரை நம்பவில்லை.

எலி எதற்கு என்று கேட்பீர்கள். யானைப் பல் கிடைத்தால் கௌரவம்தான். ஆனால் யானை ஊர்சுற்றி. காட்டிலும் நிற்கும், புல்வெளியிலும் மேயும். அதை நம்பி ஒன்றும் சொல்ல முடியாது. எலி அப்படியில்லை. புல்லில் வாழ்கிற எலி புல்லை விட்டு வராது. மரத்தில் வாழ்கிற எலி கீழே குடிவராது. ஆகவே எந்த எலி என்று பல்லைப் பார்த்துச் சொல்லிவிட்டால், அன்று அங்கே மழை எப்படி, மரம் எப்படி, வெயில் எப்படி என்று எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். கைரேகை ஜோசியம் மாதிரிதான். கைக்குப் பதில் பல்.

சித்தப்பாவுக்கு ஆரியசாலையில், சாலைக் கம்போளம் என்கிற பெரிய சந்தையில், மொத்த வியாபாரம். மிளகாய் வத்தல், மல்லி, பருப்பு, பெருங்காயம். நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து இங்கே கடை போட்ட குடும்பம். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் கடைக்கு வாரிசு நான்தான் என்று, என்னைக் கேட்காமலேயே, நான் அரைக்கால் சட்டை போட்டிருந்த காலத்திலேயே முடிவு செய்திருந்தார். நான் எலியின் பின்னால் போனதில் அவருக்குத் தீராத மனக்குறை.

"எலே, எலியப் பாத்தா வெரட்டணும். நீ அதுக்க பல்ல எண்ணிக்கிட்டு இருக்கியே!"

கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். ஆய்வுக் குழுவின் முன் நான் செமினார் வாசிக்க வேண்டும். அவர்கள் 'சரி' என்றால் நான் எலியோடு போகலாம். 'சரியில்லை' என்றால் மறு திங்கட்கிழமை காலையில் கல்லாவில் உட்கார வேண்டும்.

இத்தனைக்கும் என் ஆராய்ச்சிக்குப் பெரிய உதவி செய்தவர் சித்தப்பாதான். குகை இருந்தது ஆந்திராவில். தோண்டிய மண்ணைச் சாக்குகளில் கட்டி, அவருக்கு வத்தல் ஏற்றிவரும் லாரியிலேயே போட்டுக் கொண்டுவந்தேன். (நல்ல பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை ஒட்டு என்று என் வழிகாட்டி லீலா டீச்சர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். சாக்கு சும்மா கிடைத்தது.) வந்து சேர்ந்த சமயம் டிபார்ட்மெண்டில் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. எனவே மண் சாக்குகளைச் சித்தப்பாவின் கிட்டங்கியில், மற்ற ஊர்க்காரர்கள் குடோன் என்பார்களே, அங்கே இறக்கினேன். கூரை ஒழுகுவது நிற்க இரண்டு மழைக்காலம் ஆயிற்று.

"சித்தப்பா, எலி கிலி உண்டா?" என்று நான் கேட்காமலில்லை.

அவர் முகம் சிவந்துவிட்டது. "எங்கிட்டங்கியிலயா? ஒத்த எலி கெடையாது பாத்துக்கோ. சாலைக் கம்போளத்துல யாருகிட்ட வேணும்னாலும் கேளு."

யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

சாக்குகளைத் திரும்ப எடுத்தபோது அங்கங்கே ஓட்டை இருந்தது. ஆந்திராவில் ரோடு மோசம் என்று நினைத்துக்கொண்டேன். மண்ணை அலசும்போது எனக்குத் தும்மல் தும்மலாக வந்தது. எட்டிப்பார்த்த லீலா டீச்சருக்கும் வந்தது. பத்தாயிரம் வருஷத்துத் தூசி, சும்மாவா, என்று பெருமையாக மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

ஆனால் கிடைத்ததைப் பார்த்ததும் தும்மல் நின்று மூச்சே நின்றது. பற்கள்! வழக்கமாக ஒரு சாக்கு மண்ணுக்கு ஒரு பல் தேறினால் அன்று டீக்கடையில் நான் பழம்பொரி வாங்கிக் கொடுப்பேன். இங்கே முழுத் தாடைகள், பல் வரிசை குலையாமல், பளிச்சென்று. அத்தனையும் வீட்டெலியும் பெருச்சாளியும். மனிதனையும் தானியத்தையும் அண்டி வாழ்கிற ஜாதி. கூடவே உருண்டையாக, வரி வரியாகச் சில விதைகள். மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொன்றும் பூசணிக்காய் அளவுக்குத் தெரிந்தது. பெயர் தெரியாத ஆதிகாலத் தாவரம் என்று எழுதிக்கொண்டேன்.

இதிலிருந்து நான் அடைந்த முடிவு: பத்தாயிரம் வருஷத்துக்கு முன்பே அந்தக் குகையில் மனிதன் தானியத்தை மலைமலையாகச் சேர்த்துவைத்திருக்கிறான். சரித்திரப் புத்தகங்களைத் திருத்த வேண்டியதுதான் பாக்கி. லீலா டீச்சர், "எடோ, ஒந்நுகூடி நோக்கணே," என்று சொல்லிப் பார்த்தார். இன்னொரு தடவை பார் என்கிறார். புதிய சரித்திரம் படைப்பவனுக்கு அதற்கெல்லாம் நேரமேது?

செமினார் நாள். யார் வேண்டுமானாலும் வரலாம் என்று நோட்டீஸ் போர்டில் போட்டிருந்ததைச் சித்தப்பா கல்யாணப் பத்திரிகையாக எடுத்துக்கொண்டார். பட்டுக்கரை வேட்டியில் அவர், கையில் முந்திரிக்கொத்துப் பலகார டப்பாவோடு சித்தி, இருவருக்கும் நடுவில் மாணிக்கம் அண்ணாச்சி. அண்ணாச்சி கிழக்கேகோட்டையில் சைவ ஹோட்டல் நடத்துகிறவர். சித்தப்பாவிடம் மல்லியும் வத்தலும் மூட்டை மூட்டையாக எடுக்கிற பெரிய வாடிக்கை. மூவரும் முன்வரிசை.

நான் ஆங்கிலத்தில் முழங்கினேன். மழை படாத, வறண்ட, இருண்ட சூழல். ஆண்டு முழுவதும் தானியம். அருகிலேயே மனிதர்கள். பூனை இனமே இல்லை. கடைசியில் கையை உயர்த்தி, "இது மனிதகுல வரலாற்றில் ஒரு திருப்புமுனை," என்றேன். சித்தப்பா கைதட்டினார். அவர் மட்டும்தான் தட்டினார்.

குழுவில் வெளியூரிலிருந்து ஒரு நிபுணர் வந்திருந்தார். தமிழர். ஒல்லியாக, சாதுவாக, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். (சாதுவானவர்களிடம் எனக்கு அன்றிலிருந்து பயம்.)

"தம்பி, பழைய பல்லுன்னா மண்ணோட நிறம் ஏறி பழுப்பா, கறுப்பா இருக்கும். உங்களுது பற்பசை விளம்பரம் மாதிரி இருக்கே?"

"குகை ரொம்ப நல்ல குகை சார்."

"சரி. சாக்கெல்லாம் எங்க வெச்சிருந்தீங்க?"

"மிகப் பத்திரமான இடம் சார். எங்க சித்தப்பா கிட்டங்கி."

"அங்க வேற என்ன இருக்கு?"

"வத்தல், மல்லி…" என்று ஆரம்பித்தேன். மல்லி என்ற சொல் வாயிலிருந்து வெளியே வந்ததும், என் தலை தானாகத் திரையின் பக்கம் திரும்பியது. அங்கே ஆதிகாலத் தாவரம் பூசணிக்காய் அளவில் நின்றுகொண்டிருந்தது. சரியாக அப்போது லீலா டீச்சர் ஒரு தும்மல் போட்டார்.

என் உள்ளங்கை, உள்ளங்கால், காதுமடல் என வியர்க்க வாய்ப்பிருந்த இடமெல்லாம் வியர்த்தது.

"கிட்டங்கியில எலி உண்டா தம்பி?"

உண்டு என்றால் மாணிக்கம் அண்ணாச்சியின் முன்னால் சித்தப்பாவின் வியாபாரம் போயிற்று. இல்லை என்றால் நான் மோசடிக்காரன். இரண்டு பேரையும் காப்பாற்றும் ஒரு பதிலை மூளை தேடியது. வாய் காத்திருக்கவில்லை.

"கிட்டங்கியும் பழசுதான் சார்."

அதற்குள் சித்தப்பா எழுந்துவிட்டார். "சாரே, எங்கிட்டங்கியில எலிங்கிற பேச்சே கெடையாது. பய சொன்னது நூத்துக்கு நூறு சரி. அது பத்தாயிரம் வருஷத்து எலிதான்." நிபுணரின் முகத்தில் நம்பிக்கை தெரியாததைக் கண்டு கொஞ்சம் இறங்கி வந்தார். "வேணும்னா ஒரு ஆயிரம் வருஷம் கொறச்சுக்கிடுங்க."

என் கண்டுபிடிப்பை ஆதரித்து உலகத்தில் எழுந்த ஒரே குரல் அது. பேரமும் அதில் அடக்கம்.

நிபுணர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ஐயா, உங்க கிட்டங்கியில மழை ஒழுகுமா?"

"ஒரு சொட்டு ஒழுகாது!"

"இருட்டா இருக்குமோ?"

"இருட்டா வெச்சாத்தான் வத்தல் நெறம் மங்காது."

"வருஷம் முழுக்கச் சரக்கு இருக்குமா?"

"பின்ன? குறைவே கெடையாது!"

"பூனை?"

"பூனை எதுக்கு சாரே, இருக்கிற எலிக்கி நான் வெக்கிற…" சித்தப்பா நிறுத்திவிட்டார்.

சித்திக்கு மட்டும் நிறுத்த மனம் வரவில்லை. "ஆமா, மாசாமாசம் மருந்து வாங்கிட்டு வருவேளே, அது எலிக்கித்தானே? தின்னுட்டு எங்கதான் போயிச் சாவுதோன்னு பொலம்புவேளே?"

எங்கே போய்ச் செத்தன என்று அந்த மண்டபத்தில் இருந்த அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. மருந்து தின்ற எலிகள் குளிர்ச்சியான இடம் தேடி என் குகை மண்ணுக்குள் புகுந்து, மல்லியும் கையுமாக, நிம்மதியாகக் கண்மூடியிருக்கின்றன. மிச்சத்தை எறும்பும் காலமும் பார்த்துக்கொண்டன. நாற்றத்தைப் பெருங்காயம் பார்த்துக்கொண்டது.

மாணிக்கம் அண்ணாச்சி மெதுவாக எழுந்தார். "அண்ணாச்சி, இந்த மாசம் மல்லி வேண்டாம். பொறவு பாப்போம்," என்று சொல்லிவிட்டு, போகிற போக்கில் ஒரு முந்திரிக்கொத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

நிபுணர் சிரித்து முடிக்கச் சற்று நேரமாயிற்று. பிறகு சொன்னார்: "பையனுக்குத் தொழில் தெரியுது. எலிப்பல்ல வெச்சு ஒரு இடத்த அச்சு அசலாச் சொல்லிட்டான். இடமும் காலமும்தான் மாறிப் போச்சு. திரும்பக் குகைக்குப் போகட்டும். சாக்கு வேண்டாம்." குழு எனக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுத்தது.

அது 'சரி'யா, 'சரியில்லை'யா? எங்கள் ஒப்பந்தப்படி எனக்கே விளங்கவில்லை. பயந்துகொண்டே திங்கட்கிழமை காலை கடைக்குப் போனேன். சித்தப்பா படியிலேயே மறித்தார்.

"லே, அங்கயே நில்லு! நீ உள்ள காலு வெக்கப்பிடாது. இன்னும் என்னத்தயாவது கண்டுபிடிச்சு நாலு பேரு முன்னால சொல்லிப்போடுவ. போயி உன் குகையக் கட்டிக்கிட்டு அழு!"

உலகத்தில் எத்தனையோ பேர் அறிவியலுக்குத் தங்களை அர்ப்பணித்திருக்கிறார்கள். என்னை என் சித்தப்பா துரத்திவிட்டு அர்ப்பணித்தார்.

மறுபடி தோண்டி, மண்ணைப் பிளாஸ்டிக் பையில் கட்டினேன். இம்முறை கிடைத்தவை நல்ல பழுப்பில், கஞ்சத்தனமாக, கொஞ்சமே கொஞ்சம் பற்கள். புல்வெளி எலிகள். இப்போது புதர்க்காடாகக் கிடக்கும் அந்த இடம் ஒரு காலத்தில் திறந்த புல்வெளியாக இருந்திருக்கிறது. எனக்கு அது இன்றும் சிலிர்க்கிற செய்தி. இதை நான் வீட்டில் எப்போது சொன்னாலும் என் மனைவி தோசையைத் திருப்பிக்கொண்டே, "எந்தக் கிட்டங்கியில?" என்பாள்.

சித்தப்பா இன்றும் தன் கிட்டங்கியில் எலி இல்லை என்றுதான் சொல்கிறார். ஆனால் அந்தச் செமினார் முடிந்த வாரமே அங்கே ஒரு பூனை வந்து சேர்ந்தது. "சும்மா, ஒரு ஐசுவரியத்துக்கு," என்றார். அதைப் பார்த்த பிறகுதான் மாணிக்கம் அண்ணாச்சி மறுபடி மல்லி எடுக்க வந்தார். பூனைக்குச் சித்தி வைத்த பெயர் டாக்டர்.

நான் பட்டம் வாங்க அதற்குப் பிறகும் பல வருஷம் பிடித்தது. ஆகவே எங்கள் குடும்பத்தின் முதல் டாக்டர் அந்தப் பூனைதான். இப்போது இருப்பது அதன் பேரனோ கொள்ளுப்பேரனோ. பெயர் மட்டும் மாறவில்லை. சித்தி வாசலில் நின்று, "டாக்டரே, சாப்பிட வா!" என்று கூப்பிட்டால் நாங்கள் இருவரும் திரும்பிப் பார்க்கிறோம். மீன் அதற்குத்தான் கிடைக்கிறது. நியாயம்தான். எலி விஷயத்தில் இதுவரை அது ஒரு தப்பும் செய்ததில்லை.