முன் ஆசனத்தில் தோசை மா

வெம்பிளி, லண்டன்
22.01.2006, ஞாயிறு

ரொறன்ரோவில் மாதாவின் காவலில் பனி வழித்துக்கொண்டிருக்கும் மைத்துனர் செபமாலைமுத்துவுக்கு, அத்தான் யேசுரட்ணம் எழுதிக்கொள்வது. இங்கே என் பிரஷரைத் தவிர எல்லாம் சுகம். உம்முடைய வீட்டிலும் அப்படியே இருக்க மன்றாடுகிறேன். சுகம் விசாரித்து முடிந்தது, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நத்தார்ப் பண்டிகைக்கு இங்கே வந்த நீர் பேசாமல் கேக்கைத் தின்றுவிட்டுப் போயிருக்கலாம். உம்முடைய அக்கா டொலறஸ் முதுகைப் பிடித்துக்கொண்டு என் காரில் ஏறும்போது, "என்ன அத்தான், சீட் சுடாத காரும் ஒரு காரோ? அக்கா, நீ கனடாவுக்கு வா, என்ர காரில இருந்தால் முதுகு நோ பறந்திடும்" என்றீர். சொல்லிவிட்டு நீர் பறந்துவிட்டீர். அவ அன்றே சூட்கேசைத் தூசி தட்டத் தொடங்கிவிட்டா. பங்குனி முடியும்வரை தம்பியோடு இருக்கப் போகிறாவாம். குளிருக்குப் பயந்து கனடாவுக்குப் போகிற மனுசியை உலகத்தில் வேறெங்கும் காண ஏலாது. மச்சான், உள்ளதைச் சொல்கிறேன்: ஈஸ்ட் ஹாம் கடை என் பெயரில் இருந்தாலும் சனம் வருவது அவவின் தோசை மாவுக்குத்தான். என் முகத்துக்காக ஒருவரும் ஒரு முருங்கைக்காய் வாங்கியதில்லை. அவ போனால் கடை படுத்துவிடும், வீட்டில் நானும் படுத்துவிடுவேன்.

ஆகையால், எனக்கு முன்னம் மூன்று பேர் இருந்து தேய்த்த இந்தக் காருக்குச் சூட்டு ஆசனம் போடுவது என்று முடிவெடுத்து, மோர்டனில் கராஜ் வைத்திருக்கும் கணேஸ்வரனிடம் கொண்டுபோனேன். "அண்ணை, இது சின்ன வேலை, தேத்தண்ணி குடிச்சு முடிக்க முதல் முடிச்சிடுவன்" என்றான். நான் நாலு தேத்தண்ணி குடித்தேன். முன் ஆசனம் இரண்டின் தோலையும் உரித்து, உள்ளே சூட்டு மெத்தை வைத்துத் தைத்துத் தந்தான். வீட்டுக்கு வரும் வழியில் என் பக்கச் சுவிட்சை அமத்தினால் பக்கத்து ஆசனம் சுடுகிறது, அந்தப் பக்கத்தை அமத்தினால் எனக்குக் கீழே அடுப்பு. போனில் ஏசினேன். "மாறினால் என்ன அண்ணை, ரெண்டும் உங்கட கார்தானே?" என்றான்.

அதையும் பொறுத்தேன். மறுநாள் விடிய கடைக்குப் போக டொலறஸ் பக்கத்தில் ஏறுவா, முதுகு சுகப்படும், கனடா கதை முடியும் என்று காத்திருந்தால், அவ சில்வர் பானையொன்றைக் கொண்டுவந்து முன் ஆசனத்தில் வைத்து, பெல்ட் போட்டு, தன் சால்வையால் சுற்றி, என் கம்பளித் தொப்பியையும் மூடிக்கு மேலே கவிழ்த்துவிட்டுப் பின்னால் போய் இருந்தா. "இஞ்சாருங்கோ, வீட்டுக் குளிருக்கு மா புளிக்குதில்லை. ஈஸ்ட் ஹாம் போய்ச் சேர எழும்பிடும். சூட்டைக் கொஞ்சம் கூட்டி விடுங்கோ." நான் யாருக்காகப் போட்டேன், யார் இருக்கிறது பாரும்! மா சுகமாக முன்னுக்கு, முதுகு நோகாரி நடுங்கிக்கொண்டு பின்னுக்கு. வியாழக்கிழமை நோர்த் சேர்க்குலர் வீதியில் பொலிஸ்காரன் மறித்தான். குழந்தையை இப்படி முன்னால் வைக்கக்கூடாது என்றான். தொப்பியையும் மூடியையும் தூக்கிக் காட்டினேன். மா அவனைப் பார்த்து ஒரு குமிழி விட்டது. உயிருள்ளதோ என்று கேட்டான். எனக்கே நிச்சயமில்லை. பின்னாலிருந்து உம்முடைய அக்கா, "மூடுங்கோ, குளிர் அடிக்கப்போகுது!" என்று கத்துகிறா.

இன்று பூசைக்குப் போகும்போதும் பானை வந்தது. "எஞ்சினை நிப்பாட்டாதேங்கோ, மா இப்பத்தான் எழும்புது" என்று சொல்லிவிட்டு அவ உள்ளே போனா. நானும் கிறிஸ்தவன்தானே, வெளியில் இருந்து பெற்றோலை எரிக்கவா? எஞ்சினை நிறுத்தி, சூட்டை மட்டும் விட்டுவிட்டுப் போய் முழங்காலில் நின்றேன். திரும்பி வந்தால் பற்றரி செத்துக் கிடக்கிறது, மா பொங்கி, ஆசனத்தால் வழிந்து, பெல்ட் கொளுவிக்குள்ளும் இறங்கிவிட்டது. பூசை முடிந்த சனமெல்லாம் வேட்டியும் சீலையுமாகக் காரைத் தள்ளியது. சுவாமியார் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்து, "என்ன யேசுரட்ணம், கள்ளு மணக்குது?" என்றார். டொலறஸ் விரலால் தொட்டு நக்கிப் பார்த்து, "நல்லாப் புளிச்சிருக்கு" என்றா. பிறகு என்னை மேலும் கீழும் பார்த்து, "தம்பியின்ர கார் எண்டால் இப்பிடி நடுவழியில நிக்காது. நான் போறன்" என்றா.

போகட்டும். டிக்கட்டை நீரே போடும். சனிக்கிழமை கணேஸ்வரனைக் கொண்டு அந்த மெத்தைகளைக் கிழித்தெறிவிக்கப் போகிறேன். உம்முடைய வாயால் வந்தது, உம்முடைய வீட்டுக்கே வரட்டும்.

உமக்கும் மனைவி மக்களுக்கும் தேவன் நிறைந்த ஆசீர் அளிப்பாராக. உம்முடைய நாக்குக்கும் கொஞ்சம் ஓய்வு அளிப்பாராக.

அன்புள்ள அத்தான்,
யேசுரட்ணம்

பி.கு. (செவ்வாய்): மேலே உள்ளதொன்றையும் வாசிக்க வேண்டாம். நேற்றுப் பற்றரி மாற்றி, ஆசனத்தைக் கழுவிக் காயவிட்டோம். உள்ளே சூட்டுக் கம்பிகள் தப்பிவிட்டன. அந்த அமளியில் அவ மா அரைக்கவில்லை, அதனால் இன்று காலை பானை இல்லை, முதன்முறையாக அவவே முன்னால் ஏறினா. பாதி வழியில் நித்திரை. ஈஸ்ட் ஹாமில் முதுகைப் பிடிக்காமல் இறங்கி, "தம்பியிட்ட பிறகு பாப்பம்" என்றா. ஒரு அடி வைத்துவிட்டு, "அப்ப மா எங்க இருக்கிறது?" என்றா. டிக்கட் போடாதேயும். சனிக்கிழமை கணேஸ்வரன் பின் ஆசனத்துக்கும் மெத்தை போடுகிறான். இனி நீர் லண்டன் வந்தால் விமான நிலையத்திலிருந்து ரயிலில் வாரும், காரில் இடமில்லை.