எபேசில் கட்டாத கடிதங்கள்

“என்ர கடிதத்தை இறுக்கித்தானே கட்டினீங்கள்?”

பயணப்பையோடு நோர்பரியிலுள்ள தன் வீட்டுக்குள் கால் வைத்த எட்வேட்டிடம் மனைவி மேரிசாந்தி கேட்ட முதல் கேள்வி அதுதான்.

“ஓமப்பா. புயலடிச்சாலும் அவிழாது.”

சொன்னவரின் கோட்டுப் பையில், றப்பர் பாண்ட் போட்ட கட்டாக, பதினேழு கடிதங்களும் அப்படியே இருந்தன.

கோயில் பங்குச் சனம் மாதாவுக்கு எழுதி, ஒட்டிக் கொடுத்த மன்றாட்டுகள் அவை. துருக்கியில், எபேசு நகரத்து இடிபாடுகளுக்கு அப்பால், மலையில், மாதா கடைசிக் காலத்தில் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் சின்ன வீடு இருக்கிறது. அங்குள்ள சுவரில் அவற்றைக் கட்டிவிட்டு வரவேண்டும். அவ்வளவுதான் வேலை.

எட்வேட்டோ வெயிலென்று, கடிதங்கள் இருந்த கோட்டைக் கழற்றி ஹோட்டலிலேயே விட்டுவிட்டுப் போனார். சலவைக்கல் தெருவில் நடந்தார். வேதாகமக் காலத்தில் புனித பவுலின் ஆட்களுக்கு எதிராக ஊரே கூடி இரண்டு மணி நேரம் கத்திய அரங்கின் படியில் உட்கார்ந்து சீனிச்சம்பல் பாண் சாப்பிட்டார். மலையில் சுவரைக் கண்டபோதுதான் கடிதங்கள் நினைவுக்கு வந்தன. யார் யாரோ கட்டிய தாள்களுக்கு முன்னால் நின்று சிரித்துப் படம் எடுத்து, ‘எல்லாம் கட்டியாச்சு’ என்று வட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்.

பிழையை ஒப்புக்கொண்டிருக்கலாம். அது மட்டும் அவருக்கு வராது. சோறு அடிப்பிடித்தால் குக்கரின் குற்றம். கார் தூணில் இடித்தால், தூணை அங்கே நட்ட கவுன்சிலின் குற்றம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய, பங்கின் மூத்தவர் செபமாலைமுத்து ஓடோடி வந்தார்.

“தம்பி எட்வேட்! என்ர முழங்கால் நோ பறந்திட்டுது! ராசியான கையடா உனக்கு!”

“எல்லாம் மாதா செயல் அண்ணை,” என்றார் எட்வேட். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

அடுத்த வாரம் சுவாமியார் மைக்கையே கையில் கொடுத்துச் சாட்சி சொல்லச் சொன்னார். ஒவ்வொரு கடிதத்தையும் எப்படிக் கண்ணீரோடு கட்டினார் என்று எட்வேட் பத்து நிமிடம் விவரித்தார். சனம் அழுதது. வெளியே வரும்போது அவர் கையில் இன்னும் இருபத்திரண்டு கடிதங்கள் இருந்தன.

“அடுத்தமுறை போகேக்க கட்டிவிடுங்கோ அண்ணை!”

இனி நரகம்தான் என்று முடிவாயிற்று. கடைசியில், முப்பத்தொன்பதையும் ஒரு பெரிய உறையில் திணித்து, ‘மாதா வீடு, எபேசு, துருக்கி’ என்று எழுதித் தபாலில் போட்டார். ஒழுங்கான மனிதர் ஆகையால் பின்பக்கம் தன் முகவரியையும் எழுதினார்.

மூன்று வாரத்தில், முகவரி போதாதென்று உறை திரும்பி வந்தது. அதை எடுத்தவள் மேரிசாந்தி.

எட்வேட் வேலையால் வந்தபோது கடிதங்கள் சாப்பாட்டு மேசையில் பரவிக் கிடந்தன. பக்கத்தில் மகள் துஷ்யா. மேரிசாந்தியின் கையில் அவளுடைய நீல உறை, ஒட்டியது ஒட்டியபடி இருந்தது.

“என்னப்பா இது?”

“அது வந்து... அந்தத் துருக்கிக்காரர்...”

மேரிசாந்தி கத்தியிருந்தால் தப்பியிருப்பார். அவள் கண் கலங்கி நின்றாள். முப்பது வருடத்தில் அவள் மாதாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருக்கிறாள், அதையும் இவர் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை.

எட்வேட் கதிரையில் தொப்பென்று விழுந்தார்.

“மறந்துபோனன் சாந்தி. பிறகு பொய் சொன்னன். கோயிலுக்குள்ளயும் சொன்னன். ஒருத்தரிலயும் பிழை இல்லை. பிழை முழுக்க என்னிலதான். ஞாயிற்றுக்கிழமை எல்லாற்ற முகத்துக்கு முன்னாலயும் சொல்லுறன்.”

மேரிசாந்தி வாயைப் பொத்திக்கொண்டாள். நீல உறை கையிலிருந்து நழுவியது. துஷ்யா அதை எடுத்துப் பிரித்தாள், வாசித்தாள், தகப்பனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அப்பா, ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்லவேண்டியது அம்மா. இதில ஒரு வரிதான் இருக்கு: ‘மாதாவே, நான் சாகிறதுக்கு முதல், இந்த மனிசன் ஒருக்காவெண்டாலும் பிழை என்னில எண்டு சொல்ல வேணும்.’”