கறுத்தமலைக் கொள்ளைக்காரனின் மீசை

புதுக்குடியிருப்பு,
பங்குனி 1998.

திருமதி சிவனேஸ்வரி அவர்கட்கு,
வவுனியா.

என்றும் அன்பு மாறாத அக்காவுக்கு,

தம்பி அப்புத்துரை எழுதிக்கொள்வது. நானும் கமலாசனியும் பிள்ளை கஜேந்தினியும் உடம்பளவில் சுகம். உங்கள் சுகத்துக்கும் அத்தானின் முழங்காலுக்கும் வற்றாப்பளை அம்மனிடம் சொல்லி வைத்திருக்கிறோம். வெறுந் தாள் இல்லாதபடியால் என் அச்சகத்தில் அச்சுப் பிழைத்துப்போன தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். முன்பக்கத்தில் ஒரு மீசைக்காரன் இருக்கிறான். அவனை இப்போது பார்க்க வேண்டாம், நான் சொல்லும்போது திருப்பினால் போதும்.

அக்கா, கஜேந்தினிக்கு நீங்கள் பேசி ஒழுங்குபண்ணின சம்பந்தம் குழம்பப் பார்க்குது. அதற்கு இந்த மீசைக்காரன்தான் காரணம். நான் காரணம் என்று கமலாசனி சொல்கிறாள். அடியிலிருந்து சொல்கிறேன், கோபியாமல் வாசியுங்கோ.

இங்கே கணக்கு ரியூசன் கொடுக்கும் அஜந்தன் மாஸ்ரரை உங்களுக்குத் தெரியாது. மெலிந்த ஆள், கதைக்கத் தொடங்கினால் நிறுத்தமாட்டார். கனடாவில் இருக்கும் அவருடைய தமையன் அங்கத்தைப் பெடியள் விளையாடும் ஒரு விளையாட்டைப் பற்றி எழுதியிருக்கிறார். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி இருக்க, ஒருவர் கதை சொல்லுவார். மற்றவர்கள் அதற்குள் ஆளுக்கொரு பாத்திரம். ஒருத்தன் வீரன், ஒருத்தி வைத்தியர், ஒருத்தன் கள்ளன். முன்னால் பாலம் உடைந்து கிடக்கிறது, என்ன செய்யப்போகிறாய் என்று கதைசொல்லி கேட்பார். தாண்டுகிறேன் என்றால் தாயக்கட்டை உருட்ட வேண்டும், விழுவதைப் பொறுத்து அவன் அக்கரைக்குப் போவான் அல்லது ஆற்றோடு போவான். கரண்ட் இல்லாத ஊருக்கு இதைவிட என்ன வேண்டும். மாஸ்ரர் தாயக்கட்டைக்குப் பதிலாக ஒருபக்கம் வெள்ளை தெரிய உரைத்த புளியங்கொட்டையை வைத்து, ஏழு குளத்து ராச்சியம் என்று ஒரு கதையையும் கட்டிக்கொண்டு வந்தார். நான் கொப்பித் தாளில் புத்தகமாக அடித்துக் கொடுத்தேன். பிள்ளைகள் பாயை விரித்து இருந்தால் சோற்றுக்கும் எழும்பாதுகள்.

அந்தப் புத்தகத்தில் படம் இல்லை. கொள்ளைக்காரன் எப்படி இருப்பான் என்று ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு மாதிரிச் சொல்லிச் சண்டை பிடித்ததுகள். ஆகவே புதுப் புத்தகத்துக்குப் படம் வேண்டும் என்று மாஸ்ரர் நின்றார். புதுப் படத்துக்குப் புளொக், அதுதான் படம் அடிக்கும் அச்சுக்கட்டை, செய்ய வேண்டும், அது கொழும்பில்தான் செய்யலாம், இந்தத் தடைக்குள் கொழும்பிலிருந்து ஒரு பற்றரியே இங்கே வராது. ஆனால் என்னிடம் பழைய புளொக்குகள் இருந்தன. கிளிநொச்சிச் சனம் இடம்பெயர்ந்தபோது அங்கே அச்சகம் வைத்திருந்த ஒருவர், மரத்துண்டில் தகடு அடித்த பட புளொக்குகளைப் பெட்டியோடு என்னிடம் பாரம் தந்துவிட்டு இந்தியா போய்விட்டார். கடை விளம்பரம், கலியாணக் காட், செத்தவீட்டு முப்பத்தோராம் நாளுக்குச் செத்தவரின் படத்தோடு அடிக்கிற கல்வெட்டுப் புத்தகம், எல்லாம் அடித்த மனுசன். பழசைப் போட்டால் பிள்ளைகள் கண்டுபிடிப்பார்கள் என்று மாஸ்ரர் முணுமுணுத்தார். ஆருக்குத் தெரியப்போகுது என்றேன்.

அரிசி ஆலையை அரண்மனை ஆக்கினேன். அரண்மனைக்கு ஏன் இவ்வளவு பெரிய புகைபோக்கி என்று மாஸ்ரர் கேட்டார். ராசா குளிர் தாங்காதவர் என்று எழுதுங்கோ என்றேன், எழுதினார். பவுடர் விளம்பரத்துப் பெண் ராணியானா. கையிலிருந்த டின்னை வெட்டி எடுத்ததால் ராணி ஆரிடமோ கடன் கேட்பதுபோல நிற்கிறா. சிங்கப் படம் ஒன்று இருந்தது, அதை எங்கட ஊர்ப்பக்கத்தில் போட ஏலாது. புலிப் படமும் இருந்தது, அதைப் போடுவதென்றால் ஆரையாவது கேட்க வேண்டும். ஆகையால் காட்டு ராசாவாகத் தீவனக் கடை எருமையைப் போட்டேன். கறுத்தமலைக் கொள்ளைக்காரனுக்குத்தான் ஆள் இல்லை. பெட்டியின் அடியில் இந்த மீசைக்காரன் அகப்பட்டான். புளொக்கில் முகம் இடம் வலம் மாறிக் கிடக்கும், பெத்த தாய்க்கும் பிடிபடாது. பேரும் இல்லை. சுருட்டுக் கொம்பனி விளம்பரம் என்று நினைத்தேன், இப்பவும் அப்படித்தான் நினைக்கிறேன். நெற்றியில் மூன்று கோடு இருந்தது. கோபத்தில் விழுந்த சுருக்கம் என்று எடுத்துக்கொண்டு, பயங்கரம் போதாதென்று கன்னத்தில் கத்தியால் ஒரு வெட்டுக்காயமும் கீறிவிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை இரஞ்சிதம் அம்மாவும் அவவின் மகன் மாப்பிள்ளை சிவகரனும் பெண் பார்க்க வந்தார்கள். எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. சிவகரன் அடக்கமான பெடியன், கஜேந்தினிக்கும் பிடித்துவிட்டது, கமலாசனி பயத்தம் பணியாரம் கொண்டுவந்து வைத்தாள். நான் சும்மா இருந்திருக்கலாம். புதுப் புத்தகத்தை எடுத்து, நல்லாய் அச்சு விழுந்த பக்கம் என்று கொள்ளைக்காரனை விரித்து அந்த அம்மாவிடம் நீட்டினேன். ஏழு குளத்து நெல்லையும் அள்ளிக்கொண்டு போனவன் இவன்தான், கடைசியில் பிள்ளைகள் கூடி இவனைக் கொல்ல வேண்டும் என்று விளக்கமும் சொன்னேன். அவா புத்தகத்தை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தா. கனநேரம் பார்த்தா.

“இது எங்கட இவர்” என்றா.

எனக்குச் சிரிப்பு வந்தது, அக்கா. பகிடி விடுகிறா என்று நினைத்தேன். கமலாசனி என் காலை மிதித்த பிறகுதான் அடங்கினேன். இவர் என்றால் ஆர், சிற்றம்பலத்தார். சிவகரன் நாலு வயதாக இருக்கும்போது செத்துப்போன தகப்பன். கிளிநொச்சிக்குப் பக்கத்து வட்டக்கச்சியில் வாய்க்கால் ஓவர்சியராக இருந்தவர், பிறத்தியாரின் ஒரு பிடி நெல்லைத் தொடாத மனுசன் என்று எனக்குச் சொன்னதே நீங்கள்தான். அந்த அம்மா தேத்தண்ணியைக் குடிக்காமல் புத்தகத்தோடு எழும்பிவிட்டா. நான் படலைவரை ஓடி, “அம்மா, அது சுருட்டுக் கொம்பனிக்காரன்!” என்று கத்தினேன். சிற்றம்பலத்தார் சுருட்டை மணந்தும் பார்க்காதவராம். பிள்ளை கிணற்றடியில் போய் நின்று அழுகிறாள். கமலாசனி என்னோடு கதைப்பதில்லை, தட்டை மட்டும் வைக்கிறாள்.

இனித் தாளைத் திருப்புங்கோ. நீங்கள் கலியாணம் முடித்துப் போய் இருந்தது வட்டக்கச்சியில், சிற்றம்பலத்தாரின் அடுத்த வளவில். அவருடைய முகத்தை அறிந்த ஆள் எங்கள் பக்கத்தில் நீங்கள் ஒருவர்தான். இவர் அவரில்லை, காது வேறு, மீசை வேறு என்று இரஞ்சிதம் அம்மாவுக்கு ஒரு கடிதம் போடுங்கோ. நெற்றிக் கோட்டைப் பற்றிக் கேட்டால், சுருட்டு முதலாளிமாரும் திருநீறு பூசுகிறவர்கள்தானே என்று சொல்லுங்கோ. அக்கா, உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், அவராகவே இருந்தாலும் அவரில்லை என்று எழுதுங்கோ. உங்கள் சொல்லை அந்த வீட்டில் ஆரும் தட்டமாட்டினம். இந்தச் சம்பந்தம் போனால் பிள்ளையின் முகத்தில் முழிக்க எனக்கு ஏலாது.

கண் வைத்தியத்துக்கு வவுனியா வரும் வீரம்மாவிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். அவவுக்கு வன்னியை விட்டு வெளியே வரப் பாஸ் கிடைத்ததும் வருவா. அத்தானுக்கு என் வணக்கம். உங்கள் பிள்ளைகள் படித்து முன்னுக்கு வர அம்மன் துணை நிற்பா.

இப்படிக்கு,
மூளை கலங்கிப்போன தம்பி,
அப்புத்துரை.

பிற்குறிப்பு: வீரம்மாவின் பாஸ் பிந்திப்போனது. அதற்குள் எல்லாம் மாறிவிட்டது, அக்கா. வேறு தாள் இல்லாதபடியால் இதிலேயே எழுதுகிறேன். மேலே கேட்ட ஒன்றையும் செய்யாதேங்கோ.

நேற்று இரஞ்சிதம் அம்மா தனிய வந்தா. கமலாசனி குசினிக்குள் போய் ஒளித்துவிட்டாள், எனக்கு ஒளிக்க இடம் கிடைக்கவில்லை. அவா புத்தகத்தை அச்சு மெசின் மேல் வைத்து, இந்தப் படத்தைக் காயம் இல்லாமல் அடிக்க ஏலுமோ என்று கேட்டா. தகட்டில் கீறினது, இனி அழியாது அம்மா என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன்.

“அப்ப காயத்தோடயே தாங்கோ. வட்டக்கச்சியில சுவரில மாட்டின படத்தையும் கல்வெட்டையும் விட்டுட்டு ஓடி வந்தனாங்கள். சிவகரனுக்குத் தகப்பன்ர முகம் மறந்துகொண்டு போகுது. ஓடி வந்த பிறகு வெள்ளிக்கிழமைதான் பாத்தவன்.”

கலியாணத்தன்று மணவறைக்குப் பக்கத்தில் மாலை போட்டு வைக்கப் பெரிதாய் ஒன்று வேண்டுமாம். கலியாணம் சித்திரையில், அக்கா! பிறகு அவா கொஞ்சம் தயங்கி, தங்கள் வளவுப் பெடியள் புத்தகத்தைக் கண்ட நாள் தொட்டு இவரைத் திரும்பத் திரும்பக் கொல்லுதுகள், ஒருக்காலாவது தப்பிப் போக வழி வைக்க ஏலாதோ என்று கேட்டா. அஜந்தன் மாஸ்ரர் அன்றே இருந்து எழுதினார். புளியங்கொட்டை எல்லாம் வெள்ளையாய் விழுந்தால், கொள்ளைக்காரன் நெல்லைப் போட்டுவிட்டு ஆற்றைக் கடந்து தன் வீட்டுக்குப் போய்விடுவான்.

ஒரு சிக்கல் மட்டும் இருக்கிறது. தகப்பன் இடத்தில் நிற்கப்போகும் சிவகரனின் சித்தப்பா ராஜரத்தினம், இது தன் தமையன் இல்லை, ஏதோ விளம்பரக்காரன், இதை மணவறையில் வைக்க விடமாட்டேன் என்று நிற்கிறாராம். அண்ணியார் சொல்வதைக் கேளாத மனுசன் நீங்கள் சொன்னால் கேட்பாராம். எனக்கு இன்னும் சுருட்டுக்காரன் மாதிரித்தான் தெரிகிறது. தாளைத் திருப்பி வடிவாய்ப் பாருங்கோ, அக்கா. பார்த்துவிட்டு, அவரில்லாவிட்டாலும் அவர்தான் என்று எழுதுங்கோ.